வழுக்கிச் சென்ற மரங்கள்... திரும்பி வரும் காடு!

குழந்தைகளே! பொள்ளாச்சிக்கு அருகே, ஆனைமலைத் தொடரில் 'டாப்சிலிப்' என்று ஓர் இடம் இருக்கிறது. உங்களில் சிலர் விடுமுறையில் அங்கே போயிருப்பீர்கள். யானைகளைப் பார்த்திருப்பீர்கள். மான் கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டியிருப்பீர்கள். ஆனால், அந்த இடத்துக்கு ஏன் அப்படி ஒரு பெயர் வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

'டாப்' என்றால் உச்சி. 'ஸ்லிப்' என்றால் வழுக்குவது. சரி, உச்சியிலிருந்து வழுக்கியது யார்? மனிதர்கள் அல்ல, மரங்கள்!

ஆங்கிலேயர் காலத்தில் இந்த மலையில் பெரிய பெரிய தேக்கு மரங்களை வெட்டினார்கள். வெட்டிய மரங்களை யானைகள் இழுத்து வந்து மலையின் விளிம்பில் சேர்க்கும். அங்கிருந்து அவற்றைச் சரிவில் தள்ளி, கீழே வழுக்கி விடுவார்கள். தடதடவென்று அவை அடிவாரத்தில் போய் விழும். பிறகு மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மரங்கள் வழுக்கத் தொடங்கிய உச்சிதான் 'டாப்சிலிப்' ஆயிற்று.

இப்போது அங்கே மரம் வழுக்குவதில்லை. அந்த இடம் புலிகள் காப்பகமாக இருக்கிறது. இந்த மாற்றம் எப்படி நடந்தது? வெட்டிய காடு திரும்பி வந்துவிட்டதா? வாருங்கள், பார்க்கலாம்.

தேக்குக்கு ஏன் இத்தனை கிராக்கி?

இங்கிலாந்து நாட்டில் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஒரு பழைய போர்க்கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'டிரிங்கோமாலி'. ஆமாம், இலங்கையில் உள்ள நம் திருகோணமலையின் பெயர்தான்! அந்தக் கப்பல் 1817ஆம் ஆண்டு பம்பாயில் கட்டப்பட்டது. வாடியா என்ற பார்சி குடும்பத்தார் அதைக் கட்டினார்கள். 200 ஆண்டுகளைத் தாண்டியும் மூழ்காமல் மிதக்கிறதே, எப்படி? அது தேக்கு மரத்தால் ஆனது என்பது முக்கியக் காரணம்.

இங்கிலாந்துக்காரர்கள் பெரும்பாலும் ஓக் மரத்தில்தான் போர்க்கப்பல்களைக் கட்டிவந்தார்கள். கட்டிக் கட்டி, அவர்கள் நாட்டில் பெரிய ஓக் மரங்கள் குறைந்து போயின. அப்போது அவர்கள் கண்ணில் பட்டது நம் தேக்கு. தேக்கு மரத்துக்குள் இயற்கையாகவே ஒருவித எண்ணெய் இருக்கிறது. அதனால் கரையான் எளிதில் அரிக்காது, தண்ணீரில் சீக்கிரம் உளுத்துப் போகாது. ஓக் மரத்தில் அடித்த இரும்பு ஆணி துருப்பிடித்துவிடும். தேக்கில் அந்தத் தொல்லை குறைவு. கப்பல் கட்ட இதைவிட நல்ல மரம் வேறென்ன வேண்டும்?

மலபார் கரையோரக் காடுகளில் கோடரிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. எளிதில் எடுக்கக்கூடிய மரங்கள் தீர்ந்ததும் மலை மேலே ஏறினார்கள். 1848இல் கேப்டன் மைக்கேல் என்ற அதிகாரி ஆனைமலைக் காட்டைக் கவனிக்க நியமிக்கப்பட்டார். இங்கே வெட்டிய தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போயிற்று.

ரயில் வந்தது, காடு குறைந்தது!

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853இல் பம்பாயிலிருந்து தாணே வரை ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மக்கள் வாய் பிளந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் மரங்களுக்கு அது கெட்ட காலம்.

ஏன் தெரியுமா? தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காகக் கட்டைகள் கிடக்குமே, அவற்றை 'ஸ்லீப்பர்' கட்டைகள் என்பார்கள். இப்போது அவை பெரும்பாலும் கான்கிரீட்டில் செய்யப்படுகின்றன. அந்தக் காலத்தில் மரம்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைல் என்பது 5,280 அடி. மூன்று அடிக்கு ஒரு கட்டை என்று வைத்தால் எத்தனை கட்டைகள் வேண்டும்? 1,760! அது ஒரு மைலுக்கு மட்டும். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான மைல்களுக்குப் பாதை போட்டார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்த கட்டைகள் சில ஆண்டுகளில் உளுத்துப் போகும். மறுபடியும் புதிய கட்டைகள். இன்ஜினை ஓட்டவும் பல இடங்களில் விறகைத்தான் எரித்தார்கள். காடு எப்படித் தாங்கும்?

இதைக் கண்டு கவலைப்பட்டவர்களில் ஒருவர் ஹியூ கிளெக்ஹார்ன். இவர் 1820இல் சென்னையில் பிறந்தவர். ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர். மூலிகைகளையும் செடிகொடிகளையும் ஆராய்வதில் ஆர்வம் கொண்டவர். காடு அழிந்தால் மழையும் நீரோடைகளும் பாதிக்கப்படும் என்று அப்போதே எச்சரித்தார். 1856இல் சென்னை மாகாணத்தின் வனத்துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது.

இதிலிருந்து அரசு காட்டின் மீது அன்பு கொண்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்! மரம் அடியோடு தீர்ந்துவிட்டால் நாளைக்குக் கப்பலுக்கும் ரயிலுக்கும் என்ன செய்வது என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. அந்தச் சட்டத்தால் இன்னொன்றும் நடந்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்த மக்கள், தங்கள் காட்டிலேயே எதை எடுக்கலாம், எங்கே போகலாம் என்று அதிகாரிகளிடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று பல பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியவர்களும், யானைகளைப் பழக்கி வேலை வாங்கியவர்களும் இந்த மக்களே.

இறங்கும் வண்டி, ஏறும் வண்டி!

ஆனைமலைக்குப் பக்கத்தில் பரம்பிக்குளம் காடு இருக்கிறது. அது அன்று கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே வெட்டிய மரங்களைக் கொண்டுபோக, கொச்சி அரசு 1907இல் ஒரு டிராம் பாதையையே போட்டுவிட்டது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கிலோமீட்டர் நீளம்!

செங்குத்தான சரிவுகளில் இந்த வண்டிகள் எப்படி ஓடின என்பது வேடிக்கையான செய்தி. கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரு முனைகளிலும் இரண்டு வாளிகளைக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கனமான வாளி கீழே போனால், கனமில்லாத வாளி தானாக மேலே வரும் அல்லவா? அதே தந்திரம்தான். மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும்போது, கம்பி வடத்தின் மறுமுனையில் இருக்கும் காலி வண்டியை மேலே இழுத்துவிடும். இன்ஜினே தேவையில்லை! அந்தப் பாதை 1963இல் மூடப்பட்டது. அதுவரை எத்தனை மரங்கள் அதில் பயணம் போயிருக்கும், நினைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் நடுவே பரம்பிக்குளத்தில் ஒரு கிழத் தேக்கு மட்டும் தப்பிப் பிழைத்து நிற்கிறது. அதன் பெயர் கன்னிமரம். வயது 450க்கு மேல் என்கிறார்கள். உயரம் 40 மீட்டருக்கு மேல். சுற்றளவு சுமார் 7 மீட்டர். உங்களில் ஐந்து பேர் கைகோத்து நின்றால்தான் அதைக் கட்டிப்பிடிக்க முடியும். முன்பு ஒருமுறை அதை வெட்ட முயன்றபோது ரத்தம் பீறிட்டதாகவும், அதனால் வெட்டாமல் விட்டு வணங்கத் தொடங்கியதாகவும் அந்தப் பகுதி மக்கள் ஒரு கதை சொல்கிறார்கள். மரத்துக்கு ரத்தம் ஏது? ஆனால் ஒன்று, இளம் தேக்கிலையைக் கசக்கிப் பாருங்கள். உங்கள் கை சிவந்துவிடும்!

நிலம்பூரில் ஒரு முயற்சி

வெட்டினால் மட்டும் போதுமா, நட வேண்டாமா என்று சிலர் யோசித்தார்கள். மலபார் கலெக்டராக இருந்த கானலி என்பவர் 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முனைந்தார். நிலம்பூர் இன்று கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. சாத்து மேனன் என்ற அதிகாரி அந்த வேலையை முன்னின்று நடத்தினார்.

ஆனால் தேக்கு விதை லேசில் முளைக்கவில்லை. அதன் ஓடு மிகவும் கெட்டி. முதலில் செய்த முயற்சிகள் வீணாயின. அவர்கள் மனம் தளரவில்லை. விதைகளை ஊற வைத்து, நாற்றங்காலில் முளைக்க வைத்து, மழைக்காலத்தில் பிடுங்கி நட்டார்கள். வெற்றி கிடைத்தது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். 'கானலி தோட்டம்' என்ற பெயரில் அதன் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. நிலம்பூரில் தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

கைத்தடிக்காரர் ஊட்

இனி டாப்சிலிப்புக்குத் திரும்புவோம். 1915ஆம் ஆண்டு வாக்கில் ஹியூகோ ஊட் என்ற வன அதிகாரி ஆனைமலைக்கு வந்தார். பல ஆண்டுகளாக வெட்டி வெட்டி மலை மொட்டையாகிக் கொண்டிருப்பதைப் பார்த்தார். அவர் இரண்டு காரியங்கள் செய்தார்.

முதல் காரியம், வெட்டும் முறையை மாற்றினார். கரும்பை வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்குமே, பார்த்திருக்கிறீர்களா? தேக்குக்கும் அந்தக் குணம் உண்டு. வேரோடு பறிக்காமல், தரையை ஒட்டி ஒழுங்காக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து புதுக்குருத்து கிளம்பும். அப்படி வெட்டும்படி செய்தார்.

இரண்டாவது காரியம், இன்றும் கதையாகச் சொல்லப்படுகிறது. அவர் நடக்கப் போகும்போதெல்லாம் சட்டைப் பை நிறையத் தேக்கு விதைகளை எடுத்துக்கொள்வாராம். கைத்தடியால் மண்ணில் ஒரு குத்து. குழியில் ஒரு விதை. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த அடி. இப்படியே நடந்து நடந்து மலையைத் தேக்கால் நிரப்பினாராம்!

அவர் 1933இல் இறந்தார். தன்னை இந்தக் காட்டிலேயே புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படியே டாப்சிலிப் அருகே தேக்கு மரங்களுக்கு நடுவில் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். 'இவருடைய நினைவுச் சின்னம் எங்கே என்று தேடுகிறாயா? உன்னைச் சுற்றிப் பார்' என்பது அதன் பொருள். சுற்றிப் பார்த்தால் வானளாவிய தேக்கு மரங்கள்!

அப்படியானால் காடு வந்துவிட்டதா?

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் குழந்தைகளே! ஊட் செய்தது பெரிய காரியம். அவர் இல்லையென்றால் அந்தச் சரிவுகள் வெறும் பாறையாகவும் புதராகவும் போயிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி. தேக்கு மரங்கள் வரிசையாக நின்றால் அது காடாகிவிடுமா?

உங்கள் ஊர்க் கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை, காய்கறிக் கடை, மருந்துக் கடை, தையல் கடை என்று எத்தனை கடைகள்! திடீரென்று ஒருநாள் எல்லாக் கடைகளும் குடைக் கடைகளாக மாறிவிட்டால்? தெரு நிறையக் கடை இருக்கும். ஆனால் அரிசிக்கு எங்கே போவீர்கள்? காய்ச்சல் மருந்துக்கு எங்கே போவீர்கள்?

தேக்கு ஆனைமலையின் சொந்த மரம்தான். ஆனால் இயற்கையில் அது மூங்கில், வேங்கை, மருது என்று பல மரங்களோடு கலந்து வளர்வது. தேக்கை மட்டுமே வளர்த்தால், பழம் தின்னும் பறவைக்கும் குரங்குக்கும் அது குடைக் கடைத் தெருதான். கோடையில் தேக்கு இலைகளை உதிர்த்துவிடும். தரையில் காய்ந்து கிடக்கும் சருகில் தீ எளிதில் பற்றும். அடியில் வேறு செடிகள் இல்லையென்றால், அகன்ற இலைகளிலிருந்து பெரிய சொட்டுகளாக விழும் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

இயற்கையான காடு எப்படி இருக்கும் என்று பார்க்க டாப்சிலிப்பிலேயே ஓர் இடம் இருக்கிறது. அதுதான் கரியன் சோலை. மேலே வானத்தை மறைக்கும் பெரிய மரங்கள், அவற்றுக்குக் கீழே நடுத்தர மரங்கள், அதற்கும் கீழே செடிகள், கொடிகள், பிரம்பு, காளான். நடுப்பகலிலும் இருட்டாக இருக்கும். 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தபோது, கரியன் சோலையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

கோடரி ஓய்ந்த கதை

சுதந்திரத்துக்குப் பிறகும் மரம் வெட்டுவது உடனே நிற்கவில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்காக அணைகள் கட்டியபோது காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. பிறகு மெல்ல மெல்ல எண்ணம் மாறியது. 1976இல் ஆனைமலை வனவிலங்கு சரணாலயம் ஆனது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மரம் எடுப்பதைவிட இயற்கையின் சமநிலையைக் காப்பதே முக்கியம் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை சொன்னது. 1996இல், அரசு ஒப்புக்கொண்ட திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. முன்பு மரம் இழுத்த யானைகளின் வாரிசுகள் இன்று கோழிகமுத்தி முகாமில் வனத்துறைக்குத் துணையாக இருக்கின்றன.

கோடரி ஓய்ந்தது. ஆனால் அழிந்துபோன மழைக்காட்டை யார் திருப்பித் தருவது?

வால்பாறையில் துண்டுக் காடுகள்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வால்பாறை. இப்போது பச்சைக் கம்பளம் விரித்ததுபோலத் தேயிலைத் தோட்டங்கள். 1890களுக்கு முன்பு இங்கே அடர்ந்த மழைக்காடு இருந்தது. அதை வெட்டித்தான் காப்பியும் தேயிலையும் பயிரிட்டார்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமியில், தோட்டங்களுக்கு நடுவே தீவுகள் மாதிரி துண்டு துண்டாகக் காடுகள் மிஞ்சின. அவற்றிலும் பல துண்டுகளில் பெரிய மரங்கள் வெட்டப்பட்டு, வெளிச்சம் உள்ளே புகுந்து, உண்ணிச்செடி புதராக மண்டிவிட்டது. உண்ணிச்செடி நம் நாட்டுச் செடி அல்ல. அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டு வரப்பட்டது. இன்று நம் காடுகளுக்கே பெரிய தலைவலி.

காட்டில் விதை விதைப்பவர்கள் யார் தெரியுமா? இருவாச்சி, சோலைமந்தி, மரநாய் போன்றவர்கள்தான்! பெரிய இருவாச்சி பறக்கும்போது 'ஹுஷ், ஹுஷ்' என்று நீராவி ரயில் போவதுபோலச் சத்தம் கேட்கும். அது அத்திப் பழத்தையும் காட்டு ஜாதிக்காயையும் விழுங்கிவிட்டு, விதைகளை வெகுதூரம் கொண்டுபோய்ப் போடும். அதற்குக் கூடு வேண்டுமானால் முதிர்ந்த பெரிய மரத்தில் பொந்து வேண்டும். பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட மட்டும் ஒரு பிளவு. ஆண் பறவை மாதக்கணக்கில் பழங்களைக் கொண்டுவந்து ஊட்டும்.

இப்போது புரிகிறதா? பெரிய மரத்தை வெட்டினால் பொந்து போகும். பொந்து போனால் இருவாச்சி போகும். இருவாச்சி போனால் விதை போகும். விதை போனால் நாளைய காடும் போகும்!

நாற்றங்காலில் 150 வகை மரங்கள்

இந்தச் சங்கிலியை மறுபடியும் கோக்க முடியுமா என்று 2000ஆம் ஆண்டு வாக்கில் சிலர் முயன்றார்கள். திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் என்ற இரு விஞ்ஞானிகளும் அவர்களுடைய குழுவினரும் வால்பாறையில் தங்கி வேலையைத் தொடங்கினார்கள். இவர்கள் மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். தோட்ட நிறுவனங்களிடம் பேசி, அவர்கள் நிலத்தில் உள்ள துண்டுக் காடுகளைக் காப்பாற்ற ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

விதைக்கு எங்கே போனார்கள்? காட்டுக்குள் கிடக்கும் விதையை எடுத்தால் காட்டுக்கு நஷ்டம். ஆகவே சாலையோரம் தேடினார்கள். மழைக்காட்டு வழியாகப் போகும் தார்ச்சாலையில் விழும் விதை எப்படியும் முளைக்காது. வண்டிச் சக்கரத்தில் நசுங்கிப் போகும். அந்த விதைகளைப் பொறுக்கினார்கள்! நாற்றங்காலில் பைகளில் விதைத்து வளர்த்தார்கள். வெடிப்பலா, கருங்குங்கிலியம், நாங்கு, அத்தி, நாவல் இனங்கள், காட்டு ஜாதிக்காய் என்று 150க்கும் மேற்பட்ட வகைகள். எல்லாம் அந்த மண்ணின் சொந்த மரங்கள்.

நடுவதற்கு முன் உண்ணிச்செடிப் புதர்களை அகற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டக்கூடாது. புதருக்கடியில் தானாக முளைத்த காட்டு மரக்கன்றுகள் ஒளிந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விட்டுவிட வேண்டும். பிறகு தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், பல வகைக் கன்றுகளைக் கலந்து நடுவார்கள். நட்ட பிறகும் சில ஆண்டுகள் களை எடுத்துக் கவனிக்க வேண்டும். கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரிதான்.

பலன் கிடைத்ததா? 7 முதல் 15 ஆண்டுகளுக்கு முன் கன்று நட்ட இடங்களையும், எதுவும் செய்யாமல் விட்ட இடங்களையும், பழைய காட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சும்மா விட்ட இடங்களைவிட, நட்டுக் கவனித்த இடங்களில் நிழல் அதிகம். மரவகைகள் அதிகம். மரங்கள் காற்றிலிருந்து இழுத்துச் சேமித்துவைத்த கார்பனும் அதிகம். ஆனால் பழைய காட்டின் அளவை அவை இன்னும் எட்டவில்லை.

ஒரு பெரிய மரத்தை வெட்ட ஒரு நாள் போதும். இருபது ஆண்டுகள் பாடுபட்டும் அந்தக் காடு இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. இன்று அங்கே நடப்படும் கன்றில் இருவாச்சி கூடு கட்டும் அளவுக்குப் பொந்து விழ, நீங்கள் தாத்தா பாட்டி ஆக வேண்டியிருக்கும். அதனால்தான் மிஞ்சியிருக்கும் பழைய மரங்களைக் காப்பது முதல் வேலை. இழந்ததை மீட்பது அடுத்த வேலை.

மழைக்காடு பெய்யும் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகிறது. ஆனைமலையில் பெய்யும் மழைதான் ஆழியாற்றில் ஓடி வந்து பொள்ளாச்சித் தென்னைகளுக்குப் பாய்கிறது. நீங்கள் குடிக்கும் இளநீரிலும் அந்தக் காட்டின் பங்கு இருக்கிறது!

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் பள்ளியிலும் மரம் நடுவிழா நடக்கும். அப்போது இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. இந்தக் கன்றுகள் நம் ஊர் மண்ணுக்குச் சொந்தமானவைதானா? வேம்பு, புங்கன், நாவல், ஆல், அரசு, இலுப்பை, மருது என்று நம்மிடம் எத்தனையோ உண்டு. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் இன்னும் பத்துப் பெயர் சொல்வார்கள்.

2. ஒரே வகையா, பல வகையா? பத்துக் கன்றுகள் நட்டால் ஐந்து வகையாவது இருக்கட்டும்.

3. அடுத்த மாதம் இதற்குத் தண்ணீர் ஊற்றப் போவது யார்? பெயர் எழுதி வைத்து முறை போட்டுக்கொள்ளுங்கள். நடுவதைவிட வளர்ப்பதுதான் கடினம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். எல்லா இடத்திலும் மரம்தான் வேண்டும் என்பதில்லை. ஆனைமலையின் உச்சியிலும் நீலகிரியிலும் இயற்கையான புல்வெளிகள் இருக்கின்றன. வரையாடுகள் மேயும் இடங்கள் அவை. அங்கே ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்த சீகை, யூகலிப்டஸ் மரங்களை நட்டதால் நீலகிரியில் பல புல்வெளிகள் காணாமல் போய்விட்டன. எந்த இடத்துக்கு எது சொந்தமோ, அது அங்கே இருப்பதுதான் அழகு.

அடுத்த முறை டாப்சிலிப் போனால், ஊட் துரையின் கல்லறைக்கு அருகில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கல்லில் சொல்லியிருப்பதுபோலச் சுற்றிப் பாருங்கள். எத்தனை மரம் என்று மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை வகை மரம், எத்தனை பறவைக் குரல் என்றும் எண்ணுங்கள். தலைக்கு மேலே 'ஹுஷ், ஹுஷ்' என்று ஒரு சத்தம் கேட்டால் அண்ணாந்து பாருங்கள். காட்டுக்கு விதை எடுத்துக்கொண்டு இருவாச்சி போய்க்கொண்டிருக்கும்!